ஆறு பேர் வீட்டில் சாப்பாட்டுக்கே பாதிச் சம்பளம் போவது வீண் செலவா?

அவனியாபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் ஆறு பேர்: மாமனார், மாமியார், கணவர், இவர், தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கணவரின் சம்பளமும் இவருடைய தையல் வருமானமும் சேர்த்து மாதம் 30,000 ரூபாய். அதில் 15,000 சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. கே.கே. நகரில் இருக்கும் கொழுந்தனார் வீட்டில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. இருவரும் வேலைக்குப் போகிறார்கள், 60,000 வருகிறது, சாப்பாட்டுக்கு 16,500 ஆகிறது. "எங்களுக்குக் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் ஆகுது, உங்களுக்கு எப்படிப் பாதி ஆகும்? எங்கேயோ ஒழுகுது மதினி" என்று அவர் சொல்கிறாராம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்கிறார் சகோதரி.

எங்கேயும் ஒழுகவில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கேட்கிற பெண்கள் பெரும்பாலும் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டுதான் கேட்கிறார்கள். மதுரை வார்டுகளிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டுச் செலவுக் கணக்கெடுக்கும் வேலையைப் பல காலம் செய்தவன் நான். பாதிச் சம்பளம் சாப்பாட்டுக்குப் போகிற வீடுகளில் நான் தாராளத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே இருப்பது கெட்டியான சிக்கனம்.

இரண்டு வீட்டுக் கணக்கையும் தலைக்கு வகுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஓர் ஆளுக்கு மாதம் 2,500 ரூபாய். நாளைக்கு 83 ரூபாய். அந்த 83 ரூபாய்க்குள் மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, பிள்ளைக்குத் தின்பண்டம், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அடங்கியாக வேண்டும். பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு சாதாரணக் கடையில் மதியச் சாப்பாடு ஒன்று வாங்கினாலே அந்தக் காசு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். கொழுந்தனார் வீட்டில் ஆளுக்கு 5,500, நாளைக்கு 183. யார் வீட்டில் சாப்பாட்டுக்கு அதிகம் செலவாகிறது என்று கேட்டால் பதில் அவர் வீடுதான். அவர் சொல்லும் சதவீதம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கை வைத்து ஆராய்ந்தார். குடும்பம் எவ்வளவு ஏழையோ அவ்வளவு பெரிய பங்கு உணவுக்குப் போகிறது என்று கண்டார். வருமானம் ஏறும்போது உணவுக்கான தொகையும் ஏறும், ஆனால் அதே வேகத்தில் ஏறாது, அதனால் பங்கு சுருங்கும். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் சோதித்துப் பார்த்தும் நிலைத்து நிற்கிற விதி இது. நம் நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-2000-இல் இந்தியக் கிராமங்களில் குடும்பச் செலவில் 59 சதவீதத்துக்கு மேல் உணவுக்குப் போனது. 2011-12-இல் அது 53-ஐ ஒட்டி வந்தது, 2022-23-இல் 46.4 ஆனது. நகரங்களில் அதே காலத்தில் 48-லிருந்து 42.6-க்கும், பிறகு 39.2-க்கும் இறங்கியது. மக்கள் திடீரென்று சிக்கனம் கற்றுக்கொண்டதால் இப்படி ஆகவில்லை. கையில் கொஞ்சம் காசு கூடியதால், சாப்பாடு போக மற்றதற்கும் இடம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2022-23 அரசுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புப்படி ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். உங்கள் வீட்டு வருமானமே ஆளுக்கு 5,000-தான். மாநகராட்சி எல்லைக்குள் இருந்துகொண்டு, தமிழகக் கிராமச் சராசரிக்கும் கீழே உள்ள காசில் குடும்பம் நடத்துகிறீர்கள். அந்த நிலையில் உணவின் பங்கு பாதியை ஒட்டி நிற்பது இயல்பு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அரசுக் கணக்கெடுப்பு சொல்லும் சதவீதம் வருமானத்தில் எடுத்தது இல்லை, செலவில் எடுத்தது. சேமிப்பும் கடனுக்குக் கட்டும் அசலும் அதில் செலவாக வராது. கொழுந்தனார் வீட்டில் அந்த வகைக்கு மாதம் 15,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர்களுடைய செலவு 45,000, அதில் 16,500 என்றால் 37 சதவீதம். நீங்கள் மகளிர் குழுக் கடனுக்கு 3,000 கட்டுகிறீர்கள் என்றால் 27,000-த்தில் 15,000, அதாவது 56 சதவீதம். இடைவெளி மறைந்துவிடாது, ஆனால் அவர் சொன்ன "கால்வாசி" நிற்காது. அடுத்த முறை பேச்சு வந்தால் எதை எதால் வகுத்தார் என்று கேளுங்கள்.

இனி வருமானம் ஏறும்போது தட்டில் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். மதுரையில் தெருத்தெருவாக இதைக் காணலாம். மிகக் குறைந்த வருமானமுள்ள வீட்டுக்குக் கூடுதலாக நூறு ரூபாய் வந்தால் முதலில் அளவு கூடும். இரவுக்கும் சேர்த்து வடிப்பார்கள், பிள்ளைக்கு இன்னொரு முட்டை வரும். சோற்றுக்கே திண்டாடும் அந்தக் கட்டத்தை நம் மாநிலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் தாண்டிவிட்டன. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பது அதற்குப் பெரிய காரணம். அதற்கு மேல் வரும் காசு தரத்துக்குப் போகிறது. ரேஷன் அரிசி இட்லி மாவுக்கு என்று ஒதுங்கி, சோற்றுக்குப் பொன்னி வரும். பாமாயிலுக்குத் துணையாகக் கடலை எண்ணெய், பிறகு செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். சாம்பார் கெட்டியாகும். மாதம் ஒரு ஞாயிறு கால் கிலோ கோழி எடுத்த வீட்டில் வாரா வாரம் அரைக் கிலோ ஆட்டுக்கறி வரும். இந்த ஊரில் ஒரு வீட்டின் நிலைமை ஏறியதா இறங்கியதா என்பதை ஞாயிறு காலை கறிக்கடையில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். கேள்வித்தாளில் நாங்கள் கேட்டு வாங்கிய வருமானக் கணக்கைவிட இதை நான் அதிகம் நம்பினேன்.

இன்னும் வருமானம் ஏறினால் சமையலே வீட்டை விட்டு வெளியே போகிறது. மாவு கடையில் வாங்குவது, இரவு பரோட்டாவும் சால்னாவும் பார்சல், வெயிலுக்கு ஜிகர்தண்டா, விடுமுறை நாளில் கைப்பேசியில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் பிரியாணி. 2022-23-இல் நாடு முழுவதும் நகரக் குடும்பங்கள் தானியத்துக்குச் செலவிட்டது மொத்தச் செலவில் 3.6 சதவீதம்தான். பானங்கள், பலகாரங்கள், பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு 10.6 சதவீதம். கிராமத்திலும் இந்த வகைக்கு 9.6 சதவீதம் போகிறது, தானியத்துக்கு 4.9. பாலுக்குப் போவதைவிடவும் இது அதிகம்.

அதனால் கொழுந்தனார் வீட்டு 16,500 ரூபாயில் உணவுப் பொருளின் விலை மட்டும் இல்லை. மாவு அரைத்தவர், பரோட்டா தட்டியவர், வண்டியில் கொண்டுவந்தவர் எல்லோருடைய கூலியும் அதில் இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் அது தேவையான செலவு, நான் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அதே வேலையை நீங்களும் மாமியாரும் செய்கிறீர்கள், அதற்கு யாரும் ரசீது போடுவதில்லை.

விலை கூடிய சாப்பாடு என்றால் கூடுதல் சத்து என்று எண்ணிவிடவும் கூடாது. 1983-இல் மகாராஷ்டிரக் கிராமங்களில் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து பொருளாதார அறிஞர்கள் ஆங்கஸ் டீட்டனும் சங்கர் சுப்பிரமணியனும் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்பத்தின் மொத்தச் செலவு 10 சதவீதம் கூடினால் உணவுச் செலவு ஏறக்குறைய 7.5 சதவீதம் கூடியது. ஆனால் உடம்புக்குள் போன கலோரி 3 முதல் 5 சதவீதம்தான் கூடியது. மீதிக் காசு ருசிக்கும் தரத்துக்கும் போனது. டீட்டனுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது இப்படி வீட்டு அடுப்பங்கரைக் கணக்கை வைத்து வறுமையை அளந்த வேலைக்காகவும்தான்.

அடுத்தது ஆள் கணக்கு. ஆறு பேர் என்பதால் மூன்று பேருக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு என்று நேராகப் பெருக்கிவிட முடியாது. குழந்தை பெரியவர் அளவுக்குச் சாப்பிடாது, சில செலவுகளைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். இதற்காகப் பொருளாதார அறிஞர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதல் பெரியவர் 1, அடுத்த ஒவ்வொரு பெரியவரும் 0.7, குழந்தை 0.5. பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி என்ற கூட்டமைப்பு பரப்பிய அளவு இது. பிற்பாடு ஐரோப்பியக் கணக்குகளில் இதை 0.5, 0.3 என்று குறைத்துக்கொண்டார்கள். அங்கே வீடு, கார், மின்சாரம் போன்ற பங்கிடக்கூடிய செலவுகள்தான் பெரிது. உணவே பாதியாக இருக்கும் நம் வீடுகளுக்குப் பழைய அளவுதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரே தொலைக்காட்சியை ஆறு பேர் பார்க்கலாம், ஒரே இட்லியை ஆறு பேர் தின்ன முடியாது.

அந்த அளவுப்படி உங்கள் வீடு 4.1 ஆள், அவர் வீடு 2.2 ஆள். ஓர் ஆளுக்கு வருமானம் உங்களுக்கு 7,300 ரூபாய் சொச்சம், அவருக்கு 27,200-க்கு மேல். ஏறக்குறைய 3.7 மடங்கு. உணவுக்கு உங்களுக்கு 3,660, அவருக்கு 7,500. இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். வருமானம் 3.7 மடங்கு ஏறிய இடத்தில் உணவு இரண்டு மடங்குதான் ஏறியிருக்கிறது, அதனால் அவருடைய சதவீதம் சிறிதாகத் தெரிகிறது. எங்கல் 1857-இல் சொன்னது உங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் அப்படியே நடக்கிறது. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வரைதான் அந்த 0.5. எட்டாவது ஒன்பதாவது வந்துவிட்டால், அதுவும் விளையாடுகிற பிள்ளையாக இருந்தால், அப்பாவைவிட அதிகம் சாப்பிடும். இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் உணவுச் செலவு தானாக ஏறும்.

கூட்டுக் குடும்பத்தில் செலவு கட்டுப்படும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மூன்று பேருக்குத் தாளித்தாலும் ஆறு பேருக்குத் தாளித்தாலும் எண்ணெய் இரட்டிப்பாவதில்லை. ஆறு பேருக்குச் சமைக்கும் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர், மூன்று பேர் வீட்டில் வருவதில் பாதி நாளில் தீர்ந்துவிடாது. அரிசியை 25 கிலோ சிப்பமாக எடுக்கலாம், கீழமாசி வீதியில் மொத்த விலைக்குப் பலசரக்கு வாங்கலாம். மிஞ்சிய சோறு காலையில் பழையதாகிவிடும், குப்பைக்குப் போகாது.

ஆனால் இந்த மிச்சம் எங்கே போகிறது என்பதில் ஒரு புதிர் இருக்கிறது. தலைக்கு ஒரே அளவு செலவழிக்கும் இரண்டு ஏழைக் குடும்பங்கள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குடும்பம் வாடகை, விளக்கு, பாத்திரம் எல்லாவற்றையும் பங்கிட்டு மிச்சம் பிடிக்கிறது. பசியுள்ள வீடென்றால் அந்த மிச்சம் வயிற்றுக்கு வர வேண்டும், தலைக்கு உணவுச் செலவு கூட வேண்டும். டீட்டனும் கிறிஸ்டினா பாக்ஸனும் 1998-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், தைவான், தாய்லாந்து, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கணக்குகளைப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. பெரிய குடும்பத்தில் தலைக்கு உணவுச் செலவு குறைந்தது. ஏழை நாடுகளில்தான் அதிகமாகக் குறைந்தது. மொத்தமாக வாங்குவது, வீணாகாதது, அளவெடுப்பதில் உள்ள பிழை என்று பலர் பல விளக்கம் தந்தார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று இன்றுவரை இல்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டவன் என்ற முறையில் எனக்கு இரண்டு காரணங்கள் வலுவாகத் தெரிகின்றன. முதலாவது, பெரிய வீட்டில் ஒருவரிடம் கேட்டு வாங்கும் கணக்கு குறைவாகத்தான் வரும். வீட்டுக்காரர் வேலையிடத்தில் குடிக்கும் டீயும் வடையும், மாமனார் முக்குக் கடையில் தின்னும் பஜ்ஜியும், பிள்ளைகள் பள்ளி வாசலில் வாங்கும் மாங்காய்க் கீற்றும் பதில் சொல்லும் பெண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் கூடக் கூட இந்தத் தெரியாத பங்கும் கூடும். 2022-23 கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய், உணவு ஒரு முறை, மற்ற நுகர்பொருளும் சேவைகளும் ஒரு முறை, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஒரு முறை என்று பிரித்துக் கேட்டார்கள். நினைவுப் பிழை அதனால் ஓரளவு குறையும். இரண்டாவது காரணம்தான் எனக்கு வருத்தம் தருவது. பெரிய குடும்பத்தில் மிச்சமாகிற காசுக்கு எப்போதும் வேறொரு வாய் காத்திருக்கிறது. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, பிள்ளைக்கு நோட்டும் சீருடையும், திடீரென்று வரும் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் என்றால் மொய்யும் சேரும். எழுதிய மொய்யைத் திரும்ப எழுதாமல் தலைகாட்ட முடியாது. இவற்றையெல்லாம் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட முடிகிற ஒரே செலவு பாலும் முட்டையும் பருப்பும்தான். அங்கேதான் கை வைக்கப்படுகிறது.

ரேஷன் இந்தக் கணக்கில் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்ப அளவுக்கும் ரேஷனுக்கும் உள்ள உறவைப் பலர் கவனிப்பதில்லை. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் அட்டைக்கு ஒரு லிட்டர், 25 ரூபாய். வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அதேதான். அந்த ஒரு கிலோ பருப்பு மூன்று பேர் வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 11 கிராம், உங்கள் வீட்டில் ஐந்தரை கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி தேவையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகை வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே அளவாக வைத்துக் கணக்குப் போட்டால் ஆறு பேருக்கு மாதம் 15 கிலோ. கறி, முட்டை சாப்பிடும் வீட்டில் இதைக் கொஞ்சம் குறைக்கலாம். அப்படிக் குறைத்தாலும் ரேஷன் பருப்பு அதில் ஒரு மூலைக்குத்தான் காணும்.

அரிசியில் அட்டையின் வகை முக்கியம். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்கு 35 கிலோ. முன்னுரிமை அட்டைக்கு, அதாவது பி.எச்.எச். என்று அச்சிட்டிருக்கும் அட்டைக்கு, ஆளுக்கு 5 கிலோ, குறைந்தது 20 கிலோ. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கு, அதாவது என்.பி.எச்.எச். அட்டைக்கு, எத்தனை பேர் இருந்தாலும் உச்சம் 20 கிலோ. உங்கள் அட்டை பி.எச்.எச். என்றால் ஆறு பேருக்கு 30 கிலோ வர வேண்டும். என்.பி.எச்.எச். என்றால் 20 கிலோதான், ஆளுக்கு மூன்றேகால் கிலோ சொச்சம். அதே வகை அட்டை வைத்திருக்கும் மூன்று பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆளுக்கு 6.7 கிலோ. கடையில் கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். அட்டைகளுக்கு இடையே உங்கள் வீட்டுக்கு வரும் பத்துக் கிலோ வித்தியாசம் மாதம் 450 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையும் ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் தம்பி தனி அடுப்பு வைத்துத் தனி அட்டை வாங்கினால் பருப்பு, எண்ணெய் இரண்டும் இரண்டு பங்காகும். ஒரே அடுப்பில் பெரியவர்களை வைத்துக் காப்பாற்றும் குடும்பத்துக்கு அது இல்லை. இந்த விதிகள் ஆள் எண்ணிக்கையைப் பார்த்துத் திருத்தப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பள்ளிச் சாப்பாடு உங்கள் பக்கம் இருக்கும் பெரிய பலம். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் மதிய உணவும் வாரத்துக்கு ஐந்து முட்டையும் கிடைக்கும், ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. அந்தக் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-இல் அன்று முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது நம் மதுரையில், சிம்மக்கல் பக்கத்து ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு வீட்டு அடுப்பிலிருந்து குறைகிறது. கோடை விடுமுறையில் உங்கள் பலசரக்குக் கணக்கு ஏன் ஏறுகிறது என்று இதுவரை யோசித்திருந்தால் காரணம் இதுதான்.

தலைக்கு வகுத்த கணக்கும் ஒரு விஷயத்தைக் காட்டாது. 2,500 என்பது சராசரி, ஆறு தட்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மீன் குழம்பில் துண்டு முதலில் யார் தட்டுக்குப் போகிறது, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார் என்று உங்களுக்கே தெரியும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை. அரிசி தாராளமாகக் கிடைக்கிற மாநிலம் நம்முடையது. வயிறு நிறைவது ஒன்று, இரும்புச் சத்தும் புரதமும் கிடைப்பது வேறொன்று. சாப்பாட்டுச் செலவைக் குறை என்று யாராவது சொன்னால், பெரும்பாலான வீடுகளில் அது மருமகளின் தட்டிலிருந்துதான் குறையும். அதனால்தான் அந்த அறிவுரை எனக்குக் கோபம் தருகிறது.

விலையேற்றமும் இரண்டு வீட்டையும் ஒரே மாதிரி தாக்காது. 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கு நகரத்தில் 36.29 சதவீத எடை, அதாவது மொத்தக் கணக்கில் அதற்குத் தரும் பங்கு; கிராமத்தில் 54.18. உங்கள் செலவு கிராமக் கணக்கைத்தான் ஒத்திருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, செய்தியில் சொன்ன நகரப் பணவீக்கத்தைவிட உங்கள் வீட்டுப் பணவீக்கம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் அட்டையை எடுத்து வகையைப் பாருங்கள், இரண்டு பிள்ளைகளின் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், இணையத்திலும் செய்யலாம். காய்கறிக்குப் பழங்காநத்தம் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14-இல் நம் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். காலையில் போனால் நல்ல சரக்கு கிடைக்கும். முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு, வறுத்த நிலக்கடலை, கேழ்வரகு இவையெல்லாம் கொடுக்கிற காசுக்கு மேல் சத்துத் தருபவை. எண்ணெயையும் பருப்பையும் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்குவதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், அதில்தான் கிலோவுக்கு அதிக விலை போகிறது. குறைப்பதென்றால் பாக்கெட் நொறுக்குத்தீனியிலும் கடை டீயிலும் குறையுங்கள். பால், முட்டை, பருப்பு, கீரையில் கை வைக்க வேண்டாம்.

கணக்கு எழுத நினைத்தால் சித்திரைத் திருவிழா, தீபாவளி, பொங்கல் இல்லாத ஒரு சாதாரண மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் டப்பாக்களில் இருக்கும் இருப்பை எழுதி, மாதம் முழுக்க வாங்கியதைக் கூட்டி, கடைசி நாள் மிஞ்சியதைக் கழியுங்கள். வெளியே சாப்பிட்டதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், உங்களையும் சேர்த்து.

தையல் வருமானம் 3,000 ரூபாய் கூடினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். வருமானம் 33,000 ஆகும். டீட்டன், சுப்பிரமணியன் கண்ட விகிதத்தை உங்கள் வருமானத்துக்குப் பொருத்தினால் உணவுச் செலவு 7.5 சதவீதம் ஏறி 16,125 ஆகும். பங்கு 50-லிருந்து 49-க்கு இறங்கும், அவ்வளவுதான். கொழுந்தனார் அப்போதும் ஏதாவது சொல்லலாம். ஆனால் கூடுதலாக ஏறும் அந்த 1,125 ரூபாயில் 600-க்குத் தினம் அரை லிட்டர் நீல ஆவின் பாலும், மீதிக்கு மூன்று கிலோ துவரம் பருப்பும் வாங்கலாம். அந்தப் பாலில் உங்களுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள்.